சித்தப்பாவின் தழும்பு நோட்டு

சித்தப்பா சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றிவிட்டு, நெஞ்சின் நடுவில் அளவுகோலை வைத்து, மூச்சைப் பிடித்தபடி கண்ணாடி முன் நின்றிருந்தார். உள்ளே வந்த கவிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கவிதா: என்ன சித்தப்பா, அறைக்குள்ளேயே ஊறுகாய் போடுகிறீர்களா?

சித்தப்பா: ஊறுகாய் இல்லையம்மா, வைத்தியம். போன வருடம் நெஞ்சில் ஒரு பரு வந்து உடைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பரு போய்விட்டது. வாரிசை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கவிதா: எங்கே, காட்டுங்கள்.

(பளபளவென்று, இளஞ்சிவப்பாக, ரப்பர் போல இறுகிய ஒரு மேடு. இரண்டு ஓரமும் நண்டுக்கால் மாதிரி நீண்டிருந்தன. அதன் மேலேயே நீல மையில் ஒரு வட்டம். மேட்டைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது. மொத்தத்தில், நன்றாக இருந்தது தழும்பு மட்டும்தான்.)

கவிதா: இந்த வட்டம் எதற்கு?

சித்தப்பா: பருவின் அளவுக்கு எல்லை போட்டேன். தாண்டிவிட்டது. ராத்திரியில் அரிக்கவும் செய்கிறது. எல்லாம் நோட்டில் இருக்கிறது, படித்துப் பார்.

கவிதா (படிக்கிறாள்): "முதல் மாதம், எலுமிச்சைச் சாறு: 18 மில்லிமீட்டர். இரண்டாம் மாதம், பற்பசை: 18. மூன்றாம் மாதம், சமையல் சோடா: 19. அளவுகோல் சரியில்லை. நான்காம் மாதம், ஆஸ்பிரின் பொடித்துத் தேனில் குழைத்தது: 20. புது அளவுகோலும் சரியில்லை. ஐந்தாம் மாதம், பூண்டு நசுக்கி இரவு முழுவதும் கட்டியது: ஐயோ அம்மா." சித்தப்பா, 'ஐயோ அம்மா' என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

சித்தப்பா: அன்றைக்கு அளவுகோலைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை.

கவிதா: எப்படி முடியும்? பச்சைப் பூண்டு கொப்புளம் கிளப்பும் அளவுக்குத் தோலைச் சுடும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றாலும் தோல் வெந்து கருத்துப்போகும்.

சித்தப்பா: இந்த மாதிரி வீட்டு வைத்தியத்தால் தழும்பு மறைந்தது என்று அத்தனை பேர் சொல்கிறார்களே!

கவிதா: அவர்களுக்கு வந்தது வேறு தழும்பாக இருக்கும். காயத்தின் எல்லைக்குள்ளேயே மேடாகிற தழும்பு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நாளாக ஆகத் தானே தணியும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ, வெங்காயமோ தேனோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும். உங்களுடையது எல்லை தாண்டியிருக்கிறது. பார்த்தால் கெலாய்டு மாதிரி தெரிகிறது. அது தானாக அடங்குவது அபூர்வம்.

சித்தப்பா: என்ன பெயர் அது?

கவிதா: நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் வைத்தார். காயத்தை மூட உடம்பு கொலாஜன் என்ற புரதத்தை இழை இழையாகப் பின்னும். காயம் மூடியதும் வேலை நிற்க வேண்டும். உங்கள் கொத்தனார், வீடு முடிந்த பிறகும் பக்கத்து மனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

கவிதா: காது குத்திய இடத்தில் எனக்குப் பட்டாணி அளவுக்கு ஒன்று தொங்கியது. நானும் ஆறு மாதம் வெங்காயச் சாற்றோடு திரிந்தவள்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

சித்தப்பா: சரி, வெட்டி எறிந்துவிட்டால்?

கவிதா: வெட்டும் ஒரு காயம்தானே? கொத்தனாருக்குப் புது மனை கொடுத்தது போல ஆகும். வெட்டிவிட்டு அத்தோடு விட்டால் பலருக்குத் திரும்பவும் வளர்ந்துவிடும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நான்கு அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு முறை.

சித்தப்பா: ஊசியா? அதற்குள்ளேயா? வலிக்குமே!

கவிதா: ஒரு ராத்திரி முழுவதும் பூண்டைத் தாங்கிய நெஞ்சு இதைத் தாங்காதா?

சித்தப்பா: வீட்டிலேயே செய்ய ஒன்றும் இல்லையா? வாயைத் திறந்து 'இல்லை' என்று சொல்லிவிடாதே, மனம் உடைந்துவிடும்.

கவிதா: இருக்கிறது. சிலிகான் பட்டை ஒட்டலாம். தினமும் 12 மணி நேரமாவது, தொடர்ந்து இரண்டு மூன்று மாதமாவது ஒட்ட வேண்டும். இந்தப் பூண்டுப் புண் முழுதாக ஆறிய பிறகுதான். சிலருக்கு மேடு கொஞ்சம் தட்டையாகும், அரிப்பும் குறையும். அடியோடு மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சித்தப்பா: பட்டைக்கு அடியில் துளி எலுமிச்சை...

கவிதா: சித்தப்பா!

சித்தப்பா: இல்லை, இல்லை. நோட்டில் என்ன எழுதட்டும்?

கவிதா: ஒன்றும் எழுத வேண்டாம். அளவுகோலை இப்படிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தருகிறேன்.

(சித்தப்பா மனமில்லாமல் கொடுத்தார். கவிதா வாசலைத் தாண்டியதும் மேசை இழுப்பறையைத் திறந்து, தையல் டேப்பை வெளியே எடுத்தார்.)