6 மாதம் கடந்தால் பக்கவாதத்தில் முன்னேற்றமே இருக்காதா?

"பக்கவாதம் வந்து 6 மாதத்துக்குள் சரியாகாத கை இனி சரியாகாது, பயிற்சியை நிறுத்திவிடலாம்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகுமே தவிர, கதவு சாத்தப்படுவதில்லை. (முழுமையாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, அது வேறு.) பயிற்சியை விட்டால் தசை இறுகி விரல்கள் மடங்கியே நின்றுவிடும், உள்ளங்கையைக் கழுவுவதே பெரும்பாடாகும்.

சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். எழுப்பிவிட அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோளைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவும்.

தட்டில் ஒரு பக்க உணவு மட்டும் மீந்தால் அடம் என்று திட்டாதீர்கள்; அந்தப் பக்கத்தை மூளை கவனிக்காமல் இருக்கலாம். தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.