பெட்டியில் அடைத்த காமிக்ஸை யார் படிப்பது?

பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களின் காமிக்ஸ் சேகரிக்கும் நண்பர்கள்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். தேடிப்பிடித்து ஓர் இதழை வாங்குகிறார்கள். கையோடு அதைத் தரம் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கு அனுப்பி, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து வாங்கி, அலமாரியில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பத்துக்கு 9.4, 9.6, 9.8 என்று ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு மாதிரி. "உள்ளே படித்தீர்களா?" என்று கேட்டால், "படத்தில் பார்த்த கதைதானே" என்று பதில் வருகிறது.

படத்தில் பார்த்த கதை இல்லை. அங்கேதான் இந்தக் காமிக்ஸின் ருசியே இருக்கிறது.

இவை வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் வழக்கம் இன்னும் பரவவில்லை. தியேட்டரை விட்டுப் படம் போய்விட்டால் அதை மறுபடி கையில் பிடிக்க ஒரு காமிக்ஸோ நாவலோதான் வழி. படம் ஓடும்போதே அது கடையில் தொங்க வேண்டும். அதனால் படம் முடிவதற்குப் பல மாதம் முன்பே, திரைக்கதைப் பிரதியையும் கொஞ்சம் ஸ்டில்களையும் வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிடுவார்கள். எடிட்டிங்கில் எது போகும், எது நிற்கும் என்று வரைகிறவருக்குத் தெரியாது.

1977இல் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். எழுதியவர் ராய் தாமஸ், வரைந்தவர் ஹோவர்ட் சேகின். முதல் இதழ் படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் நாயகன் லூக்கின் கையில் இருக்கும் ஒளிவாள் சிவப்பு! படத்தில் அது நீலம். இன்றைக்கு ஒரு சின்னப் பையன்கூட அதைத் தப்பு என்பான். உள்ளே லூக்கும் அவன் நண்பன் பிக்ஸும் பாலைவன ஊரில் பேசிக்கொள்ளும் காட்சி இருக்கிறது. படத்தில் அதை வெட்டிவிட்டார்கள்.

இரண்டாம் இதழில் ஜப்பா என்கிற தாதா வருகிறான். விண்கலத்தின் பக்கத்தில் கடத்தல்காரன் ஹான் சோலோவை மறித்துப் பாக்கியைக் கேட்கிறான். 1983இல் திரையில் வந்த அந்தப் பெருத்த நத்தை உடம்பு இல்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிற, மீசை வைத்த, மஞ்சள் முகத்து ஆள். அந்தக் காட்சியை ஒரு நடிகரை வைத்து எடுத்து, பிறகு நீக்கிவிட்டார்கள். ஜப்பா எப்படி இருப்பான் என்பதை யாரும் முடிவு செய்திருக்கவில்லை. மதுக்கடைக் காட்சிக்கென்று உருவாக்கிய ஒரு வேற்றுக்கிரகவாசியின் உருவத்தையே சேகின் அவனுக்குக் கொடுத்துவிட்டார். 1997இல் கம்ப்யூட்டர் நத்தையோடு அந்தக் காட்சியைப் படத்தில் திரும்பச் சேர்க்கும்வரை இருபது வருடம் அந்தப் பேரத்தைப் படமாகப் பார்க்க இந்தக் காமிக்ஸ்தான் வழி. எனக்கு மஞ்சள் மூஞ்சி ஜப்பாவைத்தான் பிடிக்கும். அவனிடம் ஒரு உள்ளூர் வட்டிக்காரன் களை இருக்கிறது.

(வியாபாரமும் வேடிக்கைதான். படம் ஓடுமா என்றே யாருக்கும் நம்பிக்கை இல்லாததால், முதல் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மார்வெல் ராயல்டி தர வேண்டாம் என்று ஒப்பந்தம். பிறகு மறுபதிப்பு மேல் மறுபதிப்பாகப் போட்டார்கள். அந்த வருடம் மார்வெலைக் காப்பாற்றியதே இந்தத் தொடர்தான் என்று அங்கே ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டரே எழுதியிருக்கிறார்.)

அடுத்து, பழம்பெரும் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968இல் வந்த படம். மார்வெல் அதைக் காமிக்ஸாக்கியது 1976இல், செய்தித்தாளை மடித்த மாதிரி பெரிய அளவில். படத்தில் முதல் வசனம் வரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். படத்தை இயக்கிய குப்ரிக் வாயே திறக்க மாட்டார். காமிக்ஸை எழுதி வரைந்த கிர்பியோ குரங்கு மனிதன் என்ன நினைக்கிறான், ஏன் பயப்படுகிறான் என்று கட்டம் கட்டமாக விளக்குகிறார். இதைப் படத்துக்குச் செய்த துரோகம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மௌனமான ஒரு படத்தை, சத்தமாக யோசிக்கிற ஒரு மனுஷன் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அதோடு விட்டாரா? அதே பெயரில் பத்து இதழ் தொடரும் போட்டார். எட்டாம் இதழில் ஒரு ரோபோ வந்தது. அதுதான் பின்னால் 'மெஷின் மேன்'. குப்ரிக் படத்திலிருந்து ஒரு சூப்பர் ஹீரோ முளைப்பான் என்று யார் கண்டது!

படத்தை ஒட்டியே போய் ஜெயித்தவையும் உண்டு. 1979இல் ஆர்ச்சி குட்வின் எழுதி வால்ட் சைமன்சன் வரைந்த 'ஏலியன்' புத்தகத்தை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அதில் வசனத்தையும் சத்தத்தையும் எழுத்தாக வரைந்த ஜான் வொர்க்மேனின் கைவேலையைக் கவனியுங்கள். சத்தத்துக்கான எழுத்து படத்தோடு சேர்ந்தே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், மேலே ஒட்டின மாதிரி இருக்காது. 1982இன் 'பிளேட் ரன்னர்' அவ்வளவு தேறவில்லை. ஆனால் ஆல் வில்லியம்சனின் மழைத் தெருக்களுக்காக வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பின்னால் போனால் டெல் நிறுவனத்தின் பத்து சென்ட் இதழ்கள். 1960இல் வந்த 'தி டைம் மெஷின்' படத்தின் காமிக்ஸை வரைந்தவர் அலெக்ஸ் டோத். இதழில் அவர் பெயரே இருக்காது. டெல்லில் அது வழக்கமில்லை. கறுப்பை வைக்கும் விதத்தைப் பார்த்தே இது டோத் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பக்கத்தைத் திருப்ப வேண்டும், பெட்டிக்குள் தெரிவது அட்டை மட்டும்தானே.

விலை எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழ் 30 சென்ட். சில ஊர்களில் மட்டும் சோதனைக்காக 35 சென்ட் என்று அச்சடித்து விற்றார்கள். அந்த ஐந்து சென்ட் வித்தியாசத்துக்கு இன்று லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். உள்ளே ஒரு கோடுகூட மாறவில்லை. வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை: 35 சென்ட் மறுபதிப்பும் உண்டு, அதில் விலை சாய்சதுரத்துக்குள் இருக்கும். அசலில் சதுரக் கட்டம், கீழே பார்கோடு.

'லோகன்ஸ் ரன்' கதை இன்னும் மோசம். ஜார்ஜ் பெரெஸ் படத்தை ஐந்து இதழில் அழகாக வரைந்து முடித்தார். அந்த ஐந்தும் சல்லிசாகக் கிடைக்கும். ஆறாவதுக்குத்தான் அடிதடி. காரணம், அதன் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு குட்டிக் கதையில் மார்வெலின் பிரபல வில்லன் தானோஸ் வருகிறான். அதை வாங்கிச் சீல் வைத்திருக்கும் எத்தனை பேருக்குக் கதாநாயகன் லோகன் யாரென்று தெரியும்?

சீல் வைப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. மட்டமான நியூஸ்பிரின்ட் தாள். அதில் இருக்கும் அமிலமே அதை மெல்லப் பழுப்பாக்கி மொறமொறவென்று ஆக்கிவிடும். சென்னைக் காற்றில் ஸ்டேபிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி வேறு. ஆனால் இதற்கெல்லாம் மைலார் என்கிற தெளிவான பிளாஸ்டிக் உறை, அமிலமில்லாத அட்டை, வெயில் படாத உலர்ந்த அலமாரி போதும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்துப் படிக்கலாம், திரும்ப வைக்கலாம். என் பிரதிகள் எல்லாம் ஐந்து, ஆறு மதிப்பெண்கூடத் தேறாத கேஸ்கள். ஒன்றில் முதல் சொந்தக்காரப் பையன் பேனாவால் 'ஸ்டார் வார்ஸ்' முகமூடி வில்லன் டார்த் வேடருக்குக் கண் வரைந்து வைத்திருக்கிறான். அதனால்தான் எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்தது.

டோத்தின் 'டைம் மெஷின்' மட்டும் இன்னும் சிக்கவில்லை. யாரிடமாவது சீல் வைக்காத பிரதி இருந்தால் சொல்லுங்கள். விற்கக்கூட வேண்டாம், ஒரு மத்தியானம் உங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறேன். பெட்டியில் இருந்தால் தயவுசெய்து கூப்பிட வேண்டாம், வயிறெரியும்.