ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பல வருடமாக விடாமல் பார்த்து வருகிறேன். ஒரு வீரன் போதைப் பரிசோதனையில் மாட்டினால் "தூக்கி வெளியே போடு" என்று ஒரு கூட்டம் கத்தும். "சின்னப் பையன், ஆட விடுங்கள்" என்று இன்னொரு கூட்டம். அவனுக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

கிறிஸ் ஹெரனை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் ஊர்க்காரர், பள்ளியிலேயே கூடைப்பந்து நட்சத்திரம். பாஸ்டன் காலேஜில் கஞ்சா, கொக்கெய்ன் பரிசோதனைகளில் சிக்கி வெளியேறினார். கோச் ஜெர்ரி டார்க்கேனியன் அவரை ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒதுக்கிய பையன்களைச் சேர்த்துக்கொள்வதில் பெயர் போனவர் அந்தக் கோச். நல்ல மனசு என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கேயும் 1997-ல் ஹெரன் சிக்கினார். சிகிச்சைக்குப் போய், அதே சீசனில் திரும்பி வந்து ஆடினார். 1999-ல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யின் புது வீரர் தேர்வில் டென்வர் நகெட்ஸ் அணி அவரை 33-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது எல்லோரும் பையன் தேறிவிட்டான் என்றுதான் நினைத்தார்கள். உள்ளுக்குள் ஆக்ஸிகான்டின் என்ற போதை தரும் வலி மாத்திரை பிடித்துக்கொண்டது, அப்புறம் ஹெராயின். பாஸ்டனின் என்பிஏ அணியான செல்டிக்ஸில் ஆடியபோது, ஆட்டத்துக்கு முன் அணி உடையோடு அரங்கத்துக்கு வெளியே மழையில் மாத்திரைக்காகக் காத்து நின்றதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு வாய்ப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கொடுத்தது பந்தைத்தான். 2008 ஆகஸ்ட் 1-லிருந்து அவர் போதையைத் தொடவில்லை. அப்போது அவருக்கு அணியும் இல்லை, ரசிகர்களும் இல்லை.

டைரன் மாத்யூவுக்கு நடந்தது வேறு. 2011-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் உயிரே அவர்தான். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பைக்கு இறுதிப் பட்டியல் வரை போனார். 2012 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே, போதைப் பரிசோதனைகளில் சிக்கிய அவரைக் கோச் லெஸ் மைல்ஸ் நீக்கினார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அவ்வளவு பெரிய ஆட்டக்காரனை இழக்கத் துணிந்தது சாதாரண விஷயம் இல்லை என்று படுகிறது. மாத்யூ ஹூஸ்டனில் ஜான் லூகாஸிடம் போய்ச் சேர்ந்தார்.

லூகாஸ் யார்? 1976-ல் என்பிஏ தேர்வில் முதல் ஆள். கொக்கெய்னால் 1986 மார்ச்சில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வெளியே அனுப்பிய ஆள். பிறகு தானே மீண்டு, மற்ற வீரர்களை மீட்பதையே வேலையாக்கிக்கொண்டவர். அவரிடம் போய்வந்த பிறகும் அக்டோபரில் மாத்யூ கஞ்சா வழக்கில் கைதானார். அத்தோடு முடிந்தது என்றுதான் பலர் சொன்னார்கள். தொழில்முறை ஃபுட்பால் அணியான அரிசோனா கார்டினல்ஸ் வீரர் தேர்வின் மூன்றாவது சுற்றில் அவரை எடுத்தது, கூடுதல் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வைத்து. கல்லூரியில் அவரோடு சேர்ந்து ஆடிய பேட்ரிக் பீட்டர்சன் அங்கே அண்ணன் மாதிரி பக்கத்தில் இருந்தார். 2020 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டி அணியோடு, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்தார் மாத்யூ. கணக்கும் கேட்டார்கள், கையையும் விடவில்லை.

லூகாஸ் படித்த மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் லென் பயஸுக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை. 1986 ஜூன் 17 அன்று என்பிஏ தேர்வில் செல்டிக்ஸ் அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 19-ஆம் தேதி கொக்கெய்னால் இறந்துபோனார். வயது 22. அந்தச் சாவைக் காட்டி நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் போட்டது: ஐந்து கிராம் கிராக் (புகைக்கும் கட்டி வடிவக் கொக்கெய்ன்) வைத்திருந்து விற்றால், 500 கிராம் கொக்கெய்ன் பவுடருக்கு உள்ள அதே ஐந்து வருடக் குறைந்தபட்சச் சிறை. உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் பயஸைப் போன்ற கறுப்பினத்தவர்கள். ஒரு பையனின் சாவுக்கு ஒரு நாடு சொன்ன பதில் இது என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

2024 ஜூனில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தன் முதல் பிரிவில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அது உடல்நலப் பிரச்சினை, ஏமாற்று வேலை இல்லை என்பது காரணம். சரியான முடிவு. ஆனால் பரிசோதனை போனதும் கவனிப்பும் சேர்ந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அணியிலிருந்து நிறுத்தி வையுங்கள், ஒரு சீசன் முழுக்க வேண்டுமானாலும். ஸ்காலர்ஷிப்பை மட்டும் பிடுங்காதீர்கள். சிகிச்சை முடிந்ததா என்பதை டாக்டர் சொல்லட்டும், அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தை நினைத்துக்கொண்டிருக்கும் கோச் சொல்ல வேண்டாம்.

அங்கே பிள்ளைகளை விளையாட அனுப்பியிருக்கும் நண்பர்களே, கோச்சிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் பிள்ளை டெஸ்டில் சிக்கினால், உங்களுடைய முதல் போன் யாருக்குப் போகும்?