கணக்கு நிரம்பும் வரைக்கும் காத்திருக்கணுமா?

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு ரோடு பிரியும் இடத்தை நம்ம பக்கம் 'பிரிவு' என்போம். அந்தப் பிரிவில் யாராவது அடிபட்டுச் செத்தால் அன்றைக்கே மறியல். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார், பேச்சுவார்த்தை நடக்கும். நாலு நாளில் இரண்டு பேரிகார்டு வந்து நிற்கும். நம்ம பக்கம் சாலைப் பாதுகாப்பு நடப்பது இந்த வரிசையில்தான்.

அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை, விதியே அப்படி. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் சாவோ பெருங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், இல்லாவிட்டால் 10 சாவுகள் நடந்தால்தான் அது 'பிளாக் ஸ்பாட்', அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம் என்று அரசுக் கணக்கில் ஏறும்.

சேலம்–கோவை ரோட்டில் ஏதாவது ஒரு பிரிவில் சாயங்காலம் நின்று பாருங்க. பனியன் கம்பெனி விட்டு பஸ்ஸில் இறங்கும் பெண்கள், மீடியனில் அரளிச் செடிகளுக்கு நடுவே மிதிபட்டுத் தேய்ந்த தடத்தில் ஏறி அந்தப் பக்கம் ஓடுவார்கள். எக்ஸ்எல் வண்டியில் சோளத்தட்டு கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் எதிர்த்திசையில் வருவார். கேட்டால், "திரும்புற எடம் எங்கியோ இருக்குதுங்க, தோட்டம் எதுத்தாப்பலதானுங்க" என்பார். தப்புதான். ஆனால் ஊர் ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம் என்று ரோடு போட்டவர்கள் கடக்க வழி விட்டார்களா? அந்தத் தேய்ந்த தடம் எந்த பிளானிலும் இருக்காது, ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே கண்டெய்னர் லாரி மீடியன் தாண்டி கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் இறந்தது நாடெல்லாம் செய்தியானது. 2022இல் தமிழ்நாட்டு ரோடுகளில் செத்தவர்கள் 17,884 பேர். அதில் எத்தனை பேர் நாலு வரிச் செய்திக்கு மேல் தாண்டினார்கள்? அந்த வருடம் நாடு முழுக்க இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் டூவீலரில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். ஹெல்மெட் போடத்தான் வேணும், மறுக்கவில்லை. நடந்து போகிறவருக்கு என்ன மாட்டிவிடுவது?

மனுஷன் தப்புப் பண்ணத்தான் செய்வான், அதுக்கு உயிர் போகாதபடி ரோட்டை அமைக்கணும் என்று ஸ்வீடன் 1997லேயே நாடாளுமன்றத்தில் முடிவெடுத்தது.

நவம்பர் 1 கிராமசபையில் சாக்கடை, தெருவிளக்கோடு இதையும் எடுங்க. செத்தவர்கள் மட்டுமில்லை, கை கால் முறிந்தவர்கள், மயிரிழையில் தப்பியவர்கள், எந்த இடம், எத்தனை மணி, எல்லாத்தையும் எழுதுங்க. பிரிவில் பேக்கரி வைத்திருப்பவரையும் ஆட்டோ ஸ்டாண்டையும் கேட்டால் போதும், பாதிப் பட்டியல் அங்கேயே வந்துவிடும். எங்கே லைட், எங்கே வேகத்தடை, எங்கே சுரங்கப்பாதை என்று தீர்மானம் போடுங்க. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர்தான். நகலைத் திங்கட்கிழமை மனுநாளில் கொடுங்க. அப்புறம், ரசீது வாங்காமல் வந்துடாதீங்க.