ஏழு வருஷம் வாய் திறக்காமல் இருக்க எழுநூறு கினி

அந்தக் கால இங்கிலாந்தில் எஸ்டேட் முதலாளி ஒருவர், தோட்டத்து அழகுக்காக முனிவராக உட்கார ஆள் தேடினாரே, அந்த ரீலை நானும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினோரு பேர் டேக் செய்தாயிற்று, போதும். "உனக்குன்னே செஞ்ச வேலை மச்சி" என்று எழுதிய அந்த முதல் ஆளுக்குக் கடைசியில் வருகிறேன்.

ரீலில் காட்டியது பெயின்ஸ்ஹில். இங்கிலாந்தில் சர்ரே பக்கம், சார்லஸ் ஹாமில்டன் 1738இல் வாங்கிய எஸ்டேட். ஏரி வெட்டினார், செயற்கைக் குகை வைத்தார், இடிந்து கிடப்பது போலவே ஒரு மடத்தைப் புதிதாகக் கட்டினார். (இடிந்ததைப் புதிதாகக் கட்டுவது! காசு இருந்தால் என்னவெல்லாம் தோன்றுகிறது பாருங்கள்.) காட்டு ஓரத்தில் மரக்கட்டைகளை வைத்து ஒரு பர்ணசாலை. பர்ணசாலை இருந்தால் முனிவர் வேண்டாமா? ஆள் தேடினார்.

பரவலாகச் சொல்லப்படும் கதைப்படி நிபந்தனைகள் இவை: ஏழு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். தலைமுடி, தாடி, நகம் எதையும் வெட்டக் கூடாது. எஸ்டேட்டைத் தாண்டக் கூடாது. வேலைக்காரர்களிடம்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பைபிள், பாய், மணற்கடிகாரம் கிடைக்கும். ஏழு வருஷம் முடிந்தால் எழுநூறு கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்க நாணயம்). நடுவில் தவறினால் ஒன்றும் இல்லை. போனவர் மூன்று வாரம் தாங்கினார். அப்புறம் அவரைப் பக்கத்து ஊர் பப்பில் கண்டுபிடித்தார்களாம்.

ரீல்காரருக்கு இது கனவு வேலை. கூட்டம் பிடிக்காதவர்களுக்குச் சொர்க்கம். எனக்குத் தெரிந்து அதற்குப் பெயர் வேலையே இல்லை. ஒரு ஆளைத் தோட்டத்துச் சாமானாக வைத்துக்கொள்வது. சாமானுக்கு வாய் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ஷ்ரொப்ஷயரில் ஹாக்ஸ்டோன் என்று இன்னொரு எஸ்டேட். அங்கே முதலில் உயிருள்ள துறவி, பின்னாளில் அதே இடத்தில் பொம்மை.  இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்?

"உனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது" என்பீர்கள். இருக்கிறது சாமி. செல்போர்ன் கிராமத்தில் இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட் வீட்டிலும் ஒரு குடில் இருந்தது. விருந்தாளிகள் வந்தால் அவருடைய தம்பியே முனிவர் வேஷம் கட்டிச் சிரிக்க வைப்பார். அது விளையாட்டு, சிரிக்கிறேன். வேஷம் கட்டியவன் சாயங்காலம் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டான், இல்லையா?

"கட்டடக்கலை என்ற முறையில்..." என்று ஒருவர் ஆரம்பித்தார். கட்டடத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. பாட்மின்டன் என்ற எஸ்டேட்டில் தாமஸ் ரைட் என்ற தோட்ட வடிவமைப்பாளர் வேர்க்கட்டைகளால் கட்டிய குடில் இன்றும் நிற்கிறது, அழகுதான். அடுத்து.

"அவன் சம்மதித்துத்தானே போனான்?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டீபன் டக்கும் சம்மதித்துத்தான் போனார். வில்ட்ஷயரில் கதிரடித்துக்கொண்டிருந்த கூலிக்காரர், தானாகப் படித்துக் கவிதை எழுதினார். இங்கிலாந்தின் கரோலின் ராணிக்குப் பிடித்துப்போனது. ரிச்மண்ட் தோட்டத்தில் கூரை வேய்ந்து, உள்ளே மெழுகு பொம்மைகளை நிறுத்தி, மெர்லின் குகை (மெர்லின் பழங்கதை மந்திரவாதி) என்று ஒன்று கட்டி, 1735இல் இவரை அதற்குக் காவலாளியாகப் போட்டார்கள். மெழுகு பொம்மைகளோடு ஒரு உழைப்பாளிக் கவிஞர். வந்தவர்கள் இரண்டையும் பார்த்தார்கள். பிறகு பாதிரியார் ஆனார். 1756இல் தண்ணீரில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சம்மதம், சம்மதம் என்று என்னிடம் பேசாதீர்கள்.

அப்புறம் அந்த "வேலை கொடுத்தார்களே" கோஷ்டி. ஸ்காட்லாந்தில் ஃபைரிஷ் மலை உச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ ஒரு வெற்று வாசல் கட்டி வைத்திருக்கிறார். நம் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயல் என்கிறார்கள், 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடித்த பெருமைக்காக. ஊர் ஏழைகளுக்குக் கூலி கிடைக்கத்தான் கட்டினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று மேலே ஏற்றிய கல்லைத் திரும்பக் கீழே உருட்டிவிடுவார் என்று ஒரு கதை. அதைக் கருணை என்று சொல்கிறார்கள்! சும்மா கூலி கொடுத்தால் குறைந்தா போவார்? நாகப்பட்டினத்தைப் பிடித்ததற்கு முந்தின வருஷம்தான் இதே மன்றோ காஞ்சிபுரத்தில் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். அதற்கு எந்த மலையிலும் சின்னம் காணோம். சரி, விஷயத்தை விட்டு விலகுகிறேன், தெரிகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்டவர்களுக்கு: கல்லூரி இரண்டாம் வருஷம், ஒரு கல்யாண வரவேற்பில் வெள்ளி பெயின்ட் பூசிச் சிலையாக நின்றிருக்கிறேன். ஐந்து மணி நேரம், முந்நூற்றைம்பது ரூபாய். அசையக் கூடாது, பேசக் கூடாது. பெயின்ட் காய்ந்ததும் காதுக்குப் பின்னால் தோல் இழுத்து வெடிக்கும். ஒரு பையன் பல்குத்தும் குச்சியால் என் முழங்காலைக் குத்திக்கொண்டே இருந்தான். அவன் அம்மா சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார். ஒரே ஒரு பெரியவர் மட்டும் கிட்ட வந்து, "தண்ணி குடிக்கிறியா தம்பி?" என்றார். நாக்கு ஒட்டிக் கிடந்தது. வேணும் என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொம்மைதான் போல" என்று போய்விட்டார்.

பந்தி முடிந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோது சாம்பாரும் அப்பளமும்தான் மிச்சம்.

மச்சி, அன்றைக்கு வாசலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் நின்றது நீ. பஸ் ஏறுவதற்கு முன்னால் மண்ணெண்ணெயும் துணியும் வைத்து ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டோம். நீதான் முதலில் டேக் செய்திருக்கிறாய்.