க்ரூலே என்றால் உருளைக்கிழங்கு

"ஏம்மா சுதா, மாப்பிள்ளை இன்னும் அந்தப் பாஷையப் படிச்சிட்டுத்தான் இருக்காரா? அதுல என்ன பிரயோஜனம்?"

போன வாரம் மதுரையிலிருந்து அண்ணன் கேட்டது. அந்தப் பாஷை போலிஷ், போலந்து நாட்டு மொழி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் சிகாகோவில் இருக்கிறேன். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், போலந்து வழி வந்த குடும்பம். அவருடைய பாட்டியின் அப்பா 1912-இல் கப்பலேறி வந்து இங்கிருந்த இறைச்சித் தொழிற்கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் பதிவேட்டில் நாடு என்ற கட்டத்தில் ஆஸ்திரியா என்றும், இனம் என்ற கட்டத்தில் போலிஷ் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டுமே சரிதான். 1795 முதல் 1918 வரை, 123 வருடம், போலந்து என்று ஒரு சுதந்திர நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இவர்கள் ஊர் தெற்கே, தாத்ரா மலையடிவாரத்தில் நோவி தார்க் பக்கம். அது ஆஸ்திரியாவின் பங்கு.

நாடே இல்லாத காலத்தில் கப்பலில் ஏறி வந்த மொழி, நாடு திரும்பக் கிடைத்த பிறகு சிகாகோவில் மூன்றே தலைமுறையில் காணாமல் போயிற்று. பாட்டி சரளமாகப் பேசினார். என் மாமியாருக்குக் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் நாலு பலகாரத்தின் பெயரும் இரண்டு கெட்ட வார்த்தையும். இந்த நாட்டில் போலந்து வம்சாவளி என்று சொல்லிக்கொள்பவர்கள் ஏறத்தாழ 90 லட்சம் பேர். வீட்டில் போலிஷ் பேசுகிறவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் போயிற்று என்பதற்கு ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது மாமியாரே சொன்னார். 1960, 70-களில் போலந்துக்காரர்களை முட்டாளாக்கும் ஜோக்குகள் இங்கே சர்வ சாதாரணம். பள்ளிக்கூடத்திலும் சொல்வார்களாம். அவருக்கு அப்போது பத்து வயது. "பஸ் ஸ்டாப்பில் என்னோடு போலிஷில் பேசாதே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சரி என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளும் பேசவில்லை." சொல்லிவிட்டு அதே தட்டைத் திரும்பவும் கழுவினார்.

பாட்டி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய பெட்டியில் ஒரு கட்டுக் கடிதங்கள் இருந்தன, எல்லாம் ஊரிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை எழுதியவை. தங்கைக்கு இப்போது எண்பத்தாறு வயது, நல்ல திடமாக இருக்கிறார். அவரோடு பேச வேண்டும் என்றுதான் என் கணவர் நாற்பத்து நாலு வயதில் போலிஷ் புத்தகத்தைத் திறந்தார்.

திறந்ததும் ஏழு வேற்றுமை.

மனிதர் ஆடிப்போய்விட்டார். ஒரே பெயர்ச்சொல் ஏழு விதமாக முடியும், அதற்கு முன்னால் வரும் பெயரடையும் கூடவே மாறும் என்பதை ஆங்கிலத்தில் வளர்ந்தவரால் நம்பவே முடியவில்லை. அட்டவணையை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். நான் பால் எடுக்கப் போய் அதைப் பார்த்துவிட்டு, "ஏழுதானா? எங்களுக்கு எட்டு" என்றேன். அன்றிலிருந்து நானும் மாட்டிக்கொண்டேன்.

தமிழ்க்காரர்களுக்குப் போலிஷ் இலக்கணத்தில் ஒரு தனி ருசி உண்டு. பள்ளியில் மூன்றாம் வேற்றுமை உருபு ஆல், ஒடு என்று மனப்பாடம் செய்தோமே, பேனாவால் எழுது, பாலோடு குடி. ஏன் இந்த இரண்டும் ஒரே வேற்றுமையில் என்று அப்போது கேட்டதில்லை. போலிஷிலும் அப்படியே ஒரே வேற்றுமைதான். பேனாவால் எழுதினாலும் பாலோடு காபி குடித்தாலும் சொல்லின் முடிவு ஒன்றே. 'ஓடு' என்ற பொருள் வேண்டுமானால் சொல்லுக்கு முன்னால் ஒரு 'ஸ்' சேர்த்துக்கொண்டால் போதும். ஏழாவதாக விளி வேற்றுமையும் வைத்திருக்கிறார்கள். பாப்ச்யா என்றால் பாட்டி, கூப்பிடும்போது பாப்ச்யூ. 'ஆ'வில் முடியும் பெண் பெயர் கூப்பிட்டால் பெரும்பாலும் 'ஓ'வில் முடியும். ஆக, போலிஷில் நான் சுதோ.

மரியாதையும் நமக்குப் பழகியதுதான். பெரியவர்களிடம் நேரில் பேசும்போதே படர்க்கையில் பேசுவார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் அத்தையிடமே "அத்தை டீ சாப்பிடறாங்களா?" என்று கேட்பது போல. நம் கிராமத்தில் "ஐயா எங்க கிளம்பிட்டாங்க?" என்று ஐயாவிடமே கேட்பதில்லையா?

ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அங்கேயும் பன்மையில் உயர்திணை, அஃறிணை மாதிரி ஒரு பிரிவு உண்டு. கூட்டத்தில் ஒரு ஆண் இருந்தால்போதும், 'அவர்கள்' என்பதற்கு 'ஓனி'. பெண்கள் மட்டும், குழந்தைகள், பூனைகள், நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து 'ஓனெ'. அதாவது நூறு பெண்கள் நிற்கும் இடத்தில் ஒரு ஆண் வந்து சேர்ந்தால் இலக்கணமே எழுந்து நிற்கும். தொல்காப்பியர் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவோ மேல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இலக்கணம் எனக்கு விளையாட்டாக இருந்தது, அவருக்கு இல்லை. இரண்டு குளிர்காலம் அட்டவணையோடு மல்லுக்கட்டினார். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் வரவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் போலிஷுக்கு 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதே பிரிவில்தான் தமிழும் இருக்கிறது. அது தூதரக அதிகாரிக்கு உண்டான கணக்கு. எண்பத்தாறு வயதுக் கிழவியிடம் "முழங்கால் வலி எப்படி?" என்று கேட்க எதற்கு 1100 மணி நேரம்?

(அப்போ தமிழை ஏன் படிக்கவில்லை என்று கேட்கப் போகிறீர்கள். என் அம்மாவிடம் "சாப்ட்டீங்களா", "போதும்", "சூப்பர்" மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து வருடமாக ஓட்டுகிறார். அம்மாவுக்கு அதில் குறையே கிடையாது. எனக்கு உண்டு, அது வேறு பதிவு.)

அப்புறம் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். எந்த வகுப்பு என்பது வேண்டாம். அங்கே காய்கறிப் பெயர்கள் சொல்லச் சொன்னார்களாம். உருளைக்கிழங்குக்கு இவர் உடனே 'க்ரூலே' என்றார். அட்டவணை பார்க்காமல் அவர் வாயில் வந்த முதல் போலிஷ் சொல் அதுவாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டியை மேசையில் வைத்துப் பாட்டி கூவும் சொல். ஆசிரியை முகத்தைச் சுளித்து, "அது பட்டிக்காட்டுச் சொல், ஜெம்னியாகி என்று சொல்லுங்கள்" என்றாராம். இவரும் நோட்டில் அடித்து எழுதினார். வீட்டுக்கு வந்து அந்த நோட்டை என்னிடம் காட்டியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

க்ரூலே தப்பே இல்லை. அந்த மலைநாட்டுக்காரர்கள், குராலே என்பார்கள், உருளைக்கிழங்கை அப்படித்தான் சொல்வார்கள். போஸ்னான் பக்கம் போனால் அதே கிழங்கு 'பிரி'. 'வெளியே போகிறேன்' என்பதற்கு க்ராகுஃப்காரர் "வயலுக்குப் போகிறேன்" என்பார், வார்சாக்காரர் சொல்வது கிட்டத்தட்ட "மாளிகைக்குப் போகிறேன்". இதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்வது அங்கே தீராத பொழுதுபோக்கு. குராலே பேச்சில் 'ச்ச' ஒலி 'த்ஸ' ஆகும், 'ஷ' ஒலி 'ஸ' ஆகும், அழுத்தம்கூட முதல் அசையில் விழும். பாடநூல் போலிஷில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். ஆக, இவர் காதில் சின்ன வயதில் விழுந்த போலிஷே வேறு. திருநெல்வேலி ஆச்சி வளர்த்த பிள்ளையிடம் 'ஏல' என்பது தமிழே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சிகாகோ போலிஷ் இன்னொரு கூத்து. இங்கே பழைய ஆட்கள் காரை 'காரா' என்பார்கள். போலந்தில் காரா என்றால் தண்டனை. மாமா தண்டனையை நிறுத்திவிட்டு வருகிறார் என்று அங்கே புரிந்துகொள்வார்கள். பாட்டியை இவர்கள் 'பூஷா' என்பார்கள், போலந்தில் அந்தச் சொல்லுக்கு விழிப்பார்கள். இவற்றையெல்லாம் கொச்சை என்று தள்ளினால், மிச்சம் இருப்பது யாருடைய பாரம்பரியம்? வார்சா செய்தி வாசிப்பாளருடையது. இவர் குடும்பத்தில் யாரும் செய்தி வாசித்ததில்லை.

என் கருத்து இதுதான். வம்சத்தைத் தேடி ஒரு மொழிக்குள் போகிறவர்கள், முதலில் அந்த வீட்டுச் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். நான் அப்போது செய்தது ஒரு சின்ன வேலை. ஃப்ரிட்ஜ் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாமியாரை உட்கார வைத்து, "உங்கள் அம்மா சமையலறையில் என்னவெல்லாம் சொல்வார்?" என்று கேட்டேன். தெரியாது, மறந்துவிட்டது என்றார். இரண்டு காபிக்குப் பிறகு முப்பத்தேழு வாக்கியம் வந்தது. உட்கார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள். கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகிறது. யார் வந்தது? ஐயோ, பால் பொங்குது. அறுபது வருடம் வாயே திறக்காத மொழியில், சுத்தமான மலைநாட்டு உச்சரிப்பில் சொன்னார். தானே கேட்டு மிரண்டுபோனார்.

அந்த முப்பத்தேழு வாக்கியம்தான் என் கணவரின் பாடநூல் ஆயிற்று. இலக்கணமே வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை நான். அது ஒரு இடத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். பியெரோகி தெரியும்தானே, நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ஒன்று என்றால் பியெருக். இரண்டு, மூன்று, நான்கு வரை பியெரோகி. ஐந்து ஆனதும் பியெரோகுஃப். ஐந்திலிருந்து எண்ணிக்கை ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். இதை அட்டவணையில் படித்தால் தலை சுற்றும். தட்டில் எண்ணிச் சாப்பிட்டால் ஒரு வாரத்தில் வரும். வராவிட்டாலும் யாரும் பட்டினி போடப் போவதில்லை.

இன்னொன்று: பழைய ஆவணங்களைப் படிக்கத்தான் போலிஷ் கற்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. பாவம். ஆஸ்திரியப் பங்கில் இருந்த ஊர்களின் தேவாலயப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ரஷ்யப் பங்கில் 1868-க்குப் பிறகு ரஷ்ய எழுத்து. பிரஷ்யப் பங்கில் ஜெர்மன் வரும். கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை வைத்துக்கொண்டு நாங்கள் விழித்த விழி எங்களுக்குத்தான் தெரியும். செத்தவர்களைத் தேடப் போலிஷ் அவ்வளவாக உதவாது. உயிரோடு இருப்பவர்களிடம் பேசத்தான் அது.

தமிழுக்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம் என்றும் அண்ணன் கேட்டார். அண்ணா, வாண்டா டினோவ்ஸ்கா என்று ஒரு போலந்துப் பெண்மணி, உமாதேவி என்று பெயர் வைத்துக்கொண்டு நம் ஊரில் வாழ்ந்தார். ரமணரின் அடியார். 1944-இல் சென்னையில் இருந்துகொண்டு இந்திய நூல்களைப் போலிஷில் வெளியிட ஒரு பதிப்பகமே தொடங்கினார். பகவத் கீதையைப் போலிஷில் பெயர்த்தவர். எதிர்த்திசையில் நான் ஒருத்தி முப்பத்தேழு வாக்கியம் கற்றால் குறைந்தா போய்விடும்?

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு நோவி தார்க் பக்கம் வீடியோ அழைப்பு. அங்கே சாயங்காலம் நான்கு. பாட்டியின் அந்த ஒன்றுவிட்ட தங்கையை நாங்கள் சோச்சா என்போம், அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் ஒரே சொல். முதல் மாதம் பேரன்கள் குறுக்கே புகுந்து ஆங்கிலத்தில் உதவி செய்துகொண்டே இருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தடுமாறுகிறவனிடமிருந்து வாக்கியத்தைப் பிடுங்குவது உதவி ஆகாது. தயவுசெய்து பக்கத்து அறைக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இன்னொரு குழப்பம், சோச்சா எதற்கெடுத்தாலும் "நோ, நோ, நோ" என்பார். கோபமாக்கும் என்று இவர் இரண்டு வாரம் பயந்தார். போலிஷில் 'நோ' என்றால் 'ம், ஆமா ஆமா'.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் சோச்சா கேட்டார், விகிலியா இரவில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், எத்தனை பியெரோகி சாப்பிட்டாய் என்று. இவர் தைரியமாக "ஐந்து பியெரோகி" என்றார். தப்பு. பியெரோகுஃப் என்று நான் பக்கத்திலிருந்து கிசுகிசுத்தேன். சோச்சா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஐந்தா? உடம்பு சரியில்லையா?" என்றார்.

எந்த வேற்றுமையில் கேட்டார் என்று நான் மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர் பதில் சொல்லிவிட்டார். அட்டவணையும் இல்லை, யோசனையும் இல்லை: "வேற இல்லை, சோச்சு. சுதா தின்னுட்டா."

திரையில் கிழவியின் முகம் முழுக்க நெருங்கி வந்தது. ஒரு விரலை என் பக்கம் ஆட்டிக்கொண்டு, "சுதோ!" என்றார்.