பிணத்தின் கட்டைவிரலும் ஒரு கிலோ பருப்பும்

சிறுகதைப் பட்டறை ஒன்றில் ஒரு பெண் வாசித்த கதையை வைத்துப் பயிற்சியாளரும் அரங்கமும் சிரிக்கிற அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி இன்னொருவர் சிரிப்பு எமோஜி போட்டு அனுப்பியதும் முடியவில்லை.

பட்டறையில் அந்தப் பெண் வாசித்த கதையில் அப்படி என்ன தப்பு? ரேஷன் கடையில் ஒரு அம்மா நிற்கிறாள். பல வருஷமாக நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கை. மெஷினில் ரேகை விழவில்லை. கட்டைவிரலைப் புடவையில் துடைத்து வைக்கிறாள். விழவில்லை. தலைமுடியில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கிறாள். பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் ஓரமா நில்லும்மா, நாங்க வாங்கிட்டுப் போயிடறோம்" என்கிறார். அவள் நகரவில்லை. அவ்வளவுதான் கதை.

பயிற்சியாளர் கேட்கிறார்: "எல்லாம் சரிம்மா, ட்விஸ்ட் எங்கே?" அரங்கமே சிரிக்கிறது. வழியும் அவரே சொல்லித் தருகிறார். அந்த அம்மா போன வாரமே செத்துப்போனவள் என்று கடைசி வரியில் வைக்க வேண்டுமாம். "அதான் ரேகை விழல!" கைதட்டல்.

பிணம். ரேஷன் வரிசையில். பையோடு.

ஐயா, கதை கடைசி வரியில் இல்லை. விரலைத் தலையில் தேய்த்தாளே, அங்கே இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்து யோசித்தால் அது வராது. வரிசையில் நின்றவளுக்குத்தான் கிடைக்கும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், மளிகைக் கடையில் மூன்று மடங்குக்கு மேல். அவள் ஏன் நகரவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது லேசில் கிடைக்காது. கதைக்கு அது போதும். அந்த ஒன்று ராஜ்ஜியமாகவும் இருக்கலாம், ஒரு கிலோ பருப்பாகவும் இருக்கலாம். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் போவது தீர்வை பாக்கிக்காகத் தூக்கிக்கொண்டு போகப்படும் ஒரு வீட்டுக் கதவு. குழந்தைகள் அதில் தொங்கிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுவதை முதலில் காட்டிவிடுகிறார். அதனால்தான் கதவு போகும்போது நமக்கு வலிக்கிறது.

முதல் வரியில் வாசகனை அலற விட வேண்டும் என்பது பயிற்சியாளருடைய இன்னொரு சூத்திரம். புதுமைப்பித்தன் கடவுளையே பாத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எங்கே தொடங்கினார்? சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நின்று போடும் டிராம் காசுக் கணக்கில். கடவுள் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

நான் செய்யாறு பக்கத்துக்காரன். மகாபாரதக் கதையை ஆடுகிற பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன். பெரியம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் இடம் பிடிப்பாள். அபிமன்யு சாகப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் அடிக்கும் கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அபிமன்யு அம்மாவிடம் விடைபெறும் இடம் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். மறு வருஷமும் அதே இடத்தில் அதே அழுகை. துரியோதனன் சாகிற படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொட்டலில் பகலெல்லாம் படுத்தே கிடப்பான், முடிவை முன்கூட்டியே விளம்பரம் செய்த மாதிரி. அதற்கும் கூட்டம் அலைமோதும். இந்த ஜனங்களிடம் போய் "ட்விஸ்ட் இல்லாவிட்டால் தமிழ் வாசகன் படிக்க மாட்டான்" என்று சொல்கிறார் பயிற்சியாளர். எந்தத் தமிழ் வாசகன் என்று தெரியவில்லை.

"அப்போ திருப்பம் உள்ள கதையெல்லாம் குப்பையா?" என்று வருவீர்கள். இல்லை. நல்லதும் இருக்கிறது. அடுத்தது.

"இது ரீல்ஸ் காலம், யாருக்குப் பொறுமை இருக்கிறது?" அந்த விரல் காட்சியைப் படிக்க அரை நிமிஷம் ஆகுமா? அதே ரீல்ஸில் பரோட்டா மாவு வீசுவதை நாள் முழுக்கப் பார்க்கிறீர்களே, கடைசியில் பரோட்டா தோசையாகவா மாறுகிறது?

"உனக்குப் பொறாமை." இது வரும், எனக்குத் தெரியும். சென்ற முறையும் வந்தது. அதே வீடியோவில், "சில பேர் டீக்கடையில உட்கார்ந்து டீ ஆறுற வரைக்கும் கதை எழுதுவாங்க, கேட்டா இலக்கியம்பாங்க" என்று ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். டீக்கடைக் கதை என்னுடையது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அது என் அப்பா வேலை போன அன்று வீட்டுக்கு வராமல் உட்கார்ந்திருந்த கடை. டீ ஆறத்தான் செய்யும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

ஆனால் முதல் கதையோடு வந்த பிள்ளையை மேடையில் நிறுத்திச் சிரிப்பது என்ன பயிற்சி? சொல்லித்தர அந்தக் கதையில் விஷயம் இல்லாமலா போயிற்று? "அவள் மனம் சுக்குநூறாக உடைந்தது" என்று நடுவில் ஒரு வரி வருகிறது, அதை வெட்டச் சொல்லியிருக்கலாம். கடைக்காரருக்கு ஒரு முகம் கொடு, அவரும் மேலே பதில் சொல்ல வேண்டிய ஆள்தானே என்று சொல்லியிருக்கலாம். வாய்விட்டு வாசித்துப் பார், மூச்சு முட்டுகிற வாக்கியத்தை உடை என்றாவது சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாம் கதையை முழுசாகக் கேட்க வேண்டும். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது வீடியோவிலேயே தெரிகிறது.

அடுத்த மாதம் இரண்டாவது பேட்ச்சாம். சேருகிறவர்கள் தாராளமாகச் சேருங்கள். சான்றிதழ் வேறு தருகிறார்களாம், லேமினேஷன் போட்டு.